ஆள், மாடு, வண்டி

பூஜ்யம்னு எழுதின முளைக்குப் பக்கத்துல தணிகாசலம் வந்து நின்னு பதினெட்டு நிமிஷம் ஆச்சு, பச்சைக் கொடி இன்னும் விழல. கொடி லோகு கையில இருக்கு, லோகு கேபின் வாசல்ல இருக்கான், கேபின் நூறு மீட்டருக்கு அந்தாண்ட இருக்கு, அதுக்குள்ள டெல்லியிலேர்ந்து வந்த கமிட்டி டீ குடிக்குது. டீ முடியணும், பிஸ்கட் முடியணும், கர்னல் வாயத் தொடைக்கணும், அப்புறந்தான் இவரு நடக்கணும். நடக்கறதுதான் வேல. நூறு மீட்டர், சுண்ணாம்புக் கோட்ட ஒட்டினாப்புல, ரோட்டுல சும்மா போற ஆள் மாதிரி. மண்ணுக்குள்ள முழங்கை ஆழத்துல பன்னெண்டு சென்சார் பொதைச்சு வெச்சிருக்கு, ஒவ்வொண்ணும் ஊறுகா பாட்டில் சைசு, அடியில ஒரு ஆணி. மேல எது நடந்தாலும் அந்த அதிர்வக் கேட்டு கேபின்ல இருக்கற பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மூணே வார்த்ததான் பேசும். ஆள், மாடு, வண்டி. ஆள்னா கேபின் கூரையில செவப்பு லைட்டு, மாடுன்னா மஞ்ச, வண்டின்னா நீலம். காலையில ஜீப் ஓடிச்சு, நீலம் எரிஞ்சுது, எல்லாரும் தலையாட்டினாங்க. இப்ப இவரு நடந்து செவப்பு எரிஞ்சா கர்னல் கையெழுத்துப் போட்டுருவாரு, பனிக்காலத்துக்குள்ள பெட்டி எல்லைக்குப் போயிரும், ஜெபக்கனி மேடத்தோட அஞ்சு வருஷ உழைப்பு கரையேறிரும். எரியலன்னா ப்ராஜெக்ட மூடிருவாங்க. மேலேர்ந்து வந்த லெட்டர்ல இதுதான் கடைசி நீட்டிப்புன்னு அடிக்கோடு போட்டே எழுதியிருக்கு. மேலோட்டமா பாத்தா இதுல கவலப்பட ஒண்ணும் இல்ல. ஒரு மனுஷன் நடந்தா மனுஷன்னு சொல்லணும், அவ்வளவுதான். ஆனா நேத்து ரிகர்சல்ல தணிகாசலம் நடந்தப்போ மூணு தடவயும் மஞ்ச லைட்டுதான் எரிஞ்சுது.

மாடு. மொத தடவ எரிஞ்சப்போ யாரும் சட்ட பண்ணல, ஒயர் லூசா இருக்கும்னாங்க. ரெண்டாவது தடவயும் மாடு. மூணாவது தடவ லோகு வாக்கிடாக்கியிலயே சிரிச்சுட்டான். "யோவ் தணிகா, தவிடு புண்ணாக்கு வாங்கியாந்து வெக்கட்டாய்யா? இல்ல மேய்ச்சலே போதுமா?" லோகு ஜீப் டிரைவரு, இருபத்தஞ்சு வருஷ சிநேகிதம், சிநேகிதம்னா இப்படித்தான். இவரும் விட்டுக்குடுக்காம, "தள்ளி நில்லு, ஒதச்சுடப் போறேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிப்பு வாயோட நின்னுருச்சு, உள்ள எறங்கல. ஏன்னா கேபின் ஜன்னல்ல ஜெபக்கனி மேடத்தோட மொகம் தெரிஞ்சுது. சாத்தான்குளத்துக்காரங்க, சயின்டிஸ்ட், இந்தப் பெட்டிக்கு அம்மா மாதிரி. எத்தன வருஷம் மெட்ராஸ்ல இருந்தும் இவர அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மண்ணு காஞ்சு கெடக்குல்லா, அதான். தண்ணி தெளிச்சிட்டு இன்னொருக்கா நடக்கியளா?"ன்னாங்க. தண்ணி தெளிச்சாங்க. நாலாவது தடவ இவரு என்ன பண்ணாருன்னா, எடது கால கொஞ்சம் ஓங்கி, பரேடுல வெக்கற மாதிரி குத்தி வெச்சு நடந்தாரு. செவப்பு எரிஞ்சுருச்சு. மேடம் ஜன்னல்லயே கையெடுத்துக் கும்பிட்டாங்க, யாரன்னு தெரியல, ஏசுவையா, தண்ணி லாரியையா. எல்லாரும் தண்ணியாலதான்னு நம்பிட்டாங்க. தண்ணியால இல்லன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான், அந்த ஆளத்தான் பெட்டி ஆளே இல்லன்னுது.

வெயில் பூட்ஸுக்குள்ள எறங்குது. எறங்குதுன்னு வலது கால் சொல்லுது. எடது கால் ஒண்ணும் சொல்லல. அது மூணு மாசமாவே பேச்ச நிறுத்திக்கிச்சு. சண்ட போட்ட பங்காளி மாதிரி ஒரே வீட்டுல இருக்கு, கூட வருது போகுது, பேசறதில்ல. சுகர்தான். சுகர்னு தெரியும், மாத்திர இருக்கு, கால் மரத்துப்போகும்னும் தெரியும், அது மத்தவங்க காலுன்னு நெனச்சிருந்தாரு. பட்டாபிராம் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு நடந்து போன ஒரு சாயங்காலம், கதவத் தொறந்த அமுலு இவர மேலேர்ந்து கீழ பாத்துட்டு, "இன்னாங்க, ஒத்தச் செருப்போட வர்றீங்க?"ன்னா. குனிஞ்சு பாத்தாரு. வலது கால்ல செருப்பு இருக்கு. எடது கால்ல தூசிதான் இருக்கு. செருப்பு எங்க கழண்டுச்சு, எத்தன தூரம் வெறுங்கால்ல வந்தோம், ஒண்ணும் தெரியல. "வார் அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்"னாரு. "ஒண்ண மட்டும் தூக்கிப் போடுவீங்களா? இன்னொண்ணு கோயிலுக்கு வேண்டுதலா?" அமுலுகிட்ட பொய் சொல்றது ஸ்டோர் கீப்பர்கிட்ட ஸ்டாம்ப் இல்லாத சீட்டு நீட்டற மாதிரி, வாங்கிப்பா, திருப்பித் திருப்பிப் பாப்பா, திருப்பிக் குடுத்துருவா. மறுநாள் அவளே போய் தேடிட்டு வந்தா. ரயில்வே கேட்டுக்கு இந்தாண்ட, டீக்கடை வாசல்ல கெடந்துச்சாம். வார் அறுகல. அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாட்டுல சோத்தக் கொறச்சுட்டா. டீக்கடையிலேர்ந்து வீடு அரை கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் தார் ரோடு காலுக்கடியில போயிருக்கு, கால் கவனிக்கல. இருபத்திரெண்டு வருஷமா தரைக்கு இவரு கால் வருதா வரலயான்னு கண்டுபிடிக்கற ஆபீஸ்ல வேல. தரைக்கு இவரு கால் தெரியும். காலுக்குத்தான் தரை தெரியல. சொன்னா மெடிக்கல் போர்டு, போர்டு சொன்னா ஃபீல்டு கெடையாது, ஸ்டோர்ல ஸ்குரூ எண்ணிக்கிட்டு ரிடையராகற வரைக்கும் ரெண்டு வருஷம். அதனால சொல்லல. அப்படின்னு சொல்லிக்கறாரு. அதுதான் காரணமா, இல்ல சொல்லிட்டா நெஜமாயிருமேன்னா, அதுவும் சரியாப் புரியல.

சரி, இப்ப எப்படி நடக்கறது. நேத்து நாலாவது தடவ மாதிரியே குத்தி வெச்சா போதும். நூத்திமுப்பத்தெட்டு அடி. நூறு மீட்டருக்கு இவரு கணக்கு நூத்திமுப்பத்தெட்டு, இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து ஒண்ணு கூடினதில்ல கொறஞ்சதில்ல. பகல்ல ஹெல்பரா ஒயர் சுருட்டிட்டு, சாயங்காலம் பாலிடெக்னிக்ல பெஞ்சு பத்தாம கடைசி வரிசையில நின்னுக்கிட்டே டிப்ளமா முடிச்ச ஆள், அங்க கத்துக்கிட்டதுல பாதி மறந்துபோச்சு, ஒரே அளவா திரும்பத் திரும்பச் செய்யணுங்கறது மறக்கல. அதனாலதான் இவரயே நடக்கச் சொல்லுவாங்க. ஆள் நடை வேணுமா, கூப்புடு தணிகாசலத்த. மழையில வேணுமா, கூப்புடு. மூட்டையோட, மூட்டையில்லாம, ஓடற மாதிரி, மப்புல போற மாதிரி, எல்லாத்துக்கும் தணிகாசலம். பெட்டிக்குள்ள ஆள்னு பேர் போட்டு நாலாயிரம் நடை இருக்கு, நாலாயிரமும் இவரோடது. ஒருதரம் மேடம்கிட்ட, "வேற யாரையாச்சும் நடக்கச் சொல்லலாமே மேடம், நாலு வகை கால் இருந்தா நல்லதுதானே"ன்னு கேட்டாரு. "கேட்டாச்சு அண்ணாச்சி. செக்யூரிட்டி கிளியரன்ஸ் வர நாலு மாசமாவுமாம். நீங்களே மூணு பேரா நடந்துருங்க"ன்னு சிரிச்சாங்க. நடந்தாரு. ஒருத்தன் கனமா, ஒருத்தன் வேகமா, ஒருத்தன் சாதாரணமா. அந்தச் சாதாரணம்தான் இப்ப ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நம்ம நடை எப்படின்னு யோசிச்சா நடையே மறந்துபோகுது, தும்மல எப்படித் தும்மறோம்னு யோசிக்கற மாதிரி. கை எதுவரைக்கும் வீசும். குதிகால் மொதல்லயா விரல் மொதல்லயா. நின்ன எடத்துலயே எடது கால தூக்கி வெச்சுப் பாத்தாரு. எங்கியோ தூரத்துல ஒரு மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் திரும்பவும் அந்த வாசன வந்துச்சு. நேத்துலேர்ந்து வருது. ஈரச் சாக்கு, புண்ணாக்கு, சாணி, எல்லாம் கலந்த மாட்டு வாசன. இங்க மாடே கெடையாது. முள்வேலிக்கு வெளிய கருவேலங்காடு, உள்ள செம்மண்ணு. மாடு ஏன் மண்டைக்குள்ள மேயுது. நேத்து மாடுன்னு சொல்லிட்டாங்கன்னு மனசுல தங்கிருச்சா. ஆனா இது மனசுல வர்ற வாசன இல்ல, கையில இருக்கற வாசன. உள்ளங்கைய மோந்து பாத்தாரு. சோப்பு. வேற ஒண்ணுமில்ல.

கொடி விழுந்துச்சு. வாக்கிடாக்கிய அணைச்சு இடுப்புல சொருகினாரு. அலை போய் ஒயர்ல ஏறிடும்னு அது ரூலு. நடக்கறவரு நிக்கக்கூடாது, பேசக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது, அதுவும் ரூலு. மூணையும் டைப் அடிச்சு கேபின் சுவத்துல ஒட்டினதே இவருதான். கீழ கையெழுத்து வேற. ஒண்ணு. ரெண்டு. எடது கால ஓங்கி, குத்தி. மூணு. குத்தறது தொடையில தெரியுது, பாதத்துல தெரியல, தொடைய நம்பித்தான் வண்டி ஓடுது. எட்டு. ஒம்பது. பதினஞ்சாவது அடியில கேபின் கூரையில செவப்பு எரிஞ்சுது. அவ்வளவுதான், முடிஞ்சுது, மிச்சத்த இப்படியே குத்திக்கிட்டுப் போனா போதும். கண்ணாடிக்குப் பின்னால யாரோ கை தட்டற மாதிரி நெழலாட்டம். மேடம் இப்ப கண்ண மூடியிருப்பாங்க. சாத்தான்குளத்துல அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு ரெண்டு தடவ லீவு எழுதி ரெண்டு தடவயும் கிழிச்சுப் போட்டவங்க. இருபத்தினாலு. இருபத்தஞ்சு. இந்தப் பெட்டி போற எடத்த இவரு பாத்திருக்காரு. முன்னாடி செஞ்ச பழைய பெட்டிய மாட்டறதுக்குப் போன வருஷம் ஒரு போஸ்டுக்கு அனுப்பினாங்க, பேர் சொல்லக்கூடாத எடம், குளிருக்கு மட்டும் பேர் வெக்கலாம். அங்க ஏழுமலைன்னு ஒரு சிப்பாய், ஆரணிப் பக்கம், தமிழ்க் குரல் கேட்டதும் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டான். "இன்னாண்ணே, இந்த டப்பா நெசமாவே கேக்குமா? எவனாச்சும் வந்தா சொல்லிருமா?" சொல்லும்னாரு. "அப்ப நாங்க ஒரு பத்து நிமிஷம் கண்ணசரலாமா?" இவரு பெரிய மனுஷத்தனமா, "தாராளமா அசருடா"ன்னுட்டாரு. அவன் சிரிச்ச சிரிப்பு, தூக்கத்துல பாதியில எழுப்பின புள்ள மாதிரி. நாப்பது. நாப்பத்தொண்ணு. ஓங்கி, குத்தி. அங்க வர்றவன் எப்படி வருவான். இப்படிக் குத்திக்கிட்டா வருவான்? பூட்ஸ டொக்கு டொக்குன்னு வெச்சு, நான் வரேன் நான் வரேன்னு சொல்லிக்கிட்டு எந்த ஊர்ல திருடன் வர்றான். அவன் மெதுவா வருவான். காலத் தேய்ச்சு. செருப்பக் கழட்டி இடுப்புல சொருகிட்டு. மாட்டுக்குப் பக்கத்துல நடக்கற மாதிரி.

நாப்பத்தேழுன்னு நெனைக்கறாரு, இல்ல நாப்பத்தெட்டு, எண்ணிக்க விட்டுப்போச்சு. இருபத்திரெண்டு வருஷத்துல விட்டதில்ல. மாட்டுக்குப் பக்கத்துல நடக்கற மாதிரின்னு ஏன் தோணுச்சு. யாரு நடந்தா. ஒரு ஞாயித்துக்கெழம. மூணு வருஷம் இருக்கும், இல்ல, மழ பேஞ்சு முடிஞ்ச ஐப்பசி, ரெண்டர வருஷம். மாட்டு நடை வேணும்னு பால்காரர்கிட்ட சொல்லி ஒரு செவலப் பசுவ வரவெச்சாங்க. மேடம் ஊருக்குப் போயிருந்தாங்க. லோகு மச்சினி கல்யாணம்னு வரல. பால்காரர் மாட்டக் கட்டிப் போட்டுட்டு, "சாயங்காலம் வரேங்க, சாது, ஒண்ணும் பண்ணாது"ன்னு போயிட்டாரு. சாதுதான். சாதுன்னா அவ்வளவு சாது, நின்ன எடத்துலயே நின்னுச்சு. நாப்பது நடை வேணும். தார்க்குச்சியால குத்தி ஓட்ட மனசு வரல. புல்லக் காட்டினா புல்லத் தின்னுட்டு நின்னுச்சு. கயித்தப் புடிச்சு முன்னால இழுத்தா பூட்ஸ் சத்தத்துக்கு மெரண்டு பின்னால போச்சு. அப்ப. அப்ப என்ன பண்ணோம். அம்பது. இல்ல அம்பத்திரெண்டு. கூரையில செவப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. பூட்ஸக் கழட்டினோம். ஆமா. கழட்டி முளைக்குப் பக்கத்துல வெச்சோம், திரும்பி வந்தப்போ ஒண்ணுக்குள்ள எறும்பு ஏறியிருந்துச்சு, எறும்பு ஞாபகம் இருக்கு, அப்ப எறும்பு கடிச்சா தெரியற கால். வெறுங்கால்ல, அது கழுத்துல கைய வெச்சுக்கிட்டு, தடவிக் குடுத்துக்கிட்டே, அது பக்கத்துலயே, அது வேகத்துலயே, மெதுவா, காலத் தேய்ச்சுத் தேய்ச்சு, ஹை ஹைன்னு கொஞ்சிக்கிட்டு நடந்தோம். நாப்பது தடவ. கை பூரா அந்த வாசன. அமுலு கூட கேட்டா, ஆபீஸா மாட்டாஸ்பத்திரியான்னு. சாயங்காலம் ஃபாரத்துல எழுதினது இப்ப கண்ணு முன்னால நிக்குது, தன்னோட உருண்டக் கையெழுத்து. நடந்தது: மாடு. எண்ணிக்கை: ஒன்று.

ஒன்று. நடந்தது ரெண்டு. பெட்டிக்கு அன்னைக்கு நாப்பது தடவையும் ரெண்டு பேர் நடை போயிருக்கு, நாலு குளம்பும் ரெண்டு வெறுங்காலும், அத்தனையும் சேத்துதான் மாடுன்னு சொல்லிக் குடுத்திருக்கோம். பூட்ஸ் போட்டு நடந்தா தணிகாசலம் ஆள். பூட்ஸ் இல்லாம மெதுவா நடந்தா தணிகாசலம் மாட்டுல பாதி. அதான் நேத்து. கால் மரத்துப் போய் இவரு தேய்ச்சுத் தேய்ச்சு நடந்ததும் அதுக்கு பழைய ஞாயித்துக்கெழம ஞாபகம் வந்திருக்கு. பெட்டி தப்பே பண்ணல. சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சிருக்கு. அப்ப ஏழுமலை தூங்கறப்போ ஒருத்தன் செருப்பக் கழட்டிட்டு மெதுவா வந்தா, மஞ்ச லைட்டு எரியும், எவனோட மாடோ மேயுதுன்னு இன்னொரு பத்து நிமிஷம் தூங்குவான். தாராளமா. இதெல்லாம் நெசந்தானா, இல்ல வெயில்ல மண்ட கொழம்புதா. மாடு இல்லாம வெறும் காலுக்கே மாடுங்குமா. நேத்து சொல்லிச்சே. நேத்து பூட்ஸ் இருந்துச்சே. பூட்ஸோடயே சொல்லிச்சுன்னா வெறுங்காலுக்கு. ஐயோ. எழுவது. அம்பதாவது மீட்டர் முளை வந்துருச்சு. இன்னும் அம்பது மீட்டர் குத்திக்கிட்டே போயிடலாம். போயிட்டு, அப்புறமா மேடம்கிட்ட தனியா சொல்லலாம், மேடம் ஒரு சின்ன விஷயம்னு. கையெழுத்து ஆனப்புறமா? கையெழுத்து ஆனப்புறம் சின்ன விஷயத்துக்கு இந்த ஆபீஸ்ல எத்தன வருஷம் ஆகும்னு இவருக்குத் தெரியாதா. ஒரு ஃபேன் மாத்த ஏழு மாசம். முன்னாடியே சொல்லிருந்தா. நேத்தே சொல்லிருந்தா. நேத்து இது தெரியாதே, கால் மட்டுந்தானே தெரியும். கால சொல்லிருந்தா இதுவும் வந்திருக்கும். வந்திருக்குமா. வாக்கிடாக்கி அணைஞ்சு கெடக்கு. பேசக்கூடாது. இங்கேர்ந்து எது சொல்றதா இருந்தாலும் காலால சொன்னாத்தான் அங்க கேக்கும்.

தணிகாசலம் நின்னாரு.

நின்னதும் செவப்பு அணைஞ்சுது. மூணு லைட்டும் இருட்டு. நின்னுட்டா பெட்டிக்கு அங்க யாரும் இல்ல, வெறும் தரைதான். கேபின் வாசல்ல லோகு கொடியக் கீழ போட்டுட்டு ரெண்டு கையயும் விரிச்சான், இன்னாய்யா ஆச்சுங்கற மாதிரி. இவரு குனிஞ்சு வலது பூட்ஸக் கழட்டினாரு. எடது பூட்ஸக் கழட்டறதுக்கு நேரமாச்சு, கால் வெளிய வந்துருச்சா இல்லியான்னு கண்ணாலதான் பாத்துக்கணும். ரெண்டயும் முளைக்குப் பக்கத்துல ஜோடியா வெச்சாரு. அப்புறம் வலது கைய லேசா ஒசத்தி, ஒரு கழுத்து ஒசரத்துல வெச்சுக்கிட்டு, நடந்தாரு. மெதுவா. தேய்ச்சு. குத்தாம. எந்தக் காலையும் எப்படியும் வெக்கணும்னு நெனைக்காம, மூணு மாசமா எப்படி வருதோ அப்படி. வாயில ஹை ஹைன்னு கூட வந்துருச்சு, அத மட்டும் முழுங்கிக்கிட்டாரு, மிலிட்டரிக்காரங்க முன்னால. ஏழாவது அடியில மஞ்ச லைட்டு எரிஞ்சுது. எரியாம இருந்துருக்கலாமேன்னு ஒரு நெனப்பு ஓடிச்சு, எரிஞ்சுதேன்னு ஒரு நிம்மதியும் பின்னாலயே ஓடிச்சு, ரெண்டுல எது இவரோடதுன்னு தெரியல. ஒரு மனுஷன் தனியா செம்மண்ணுல நடக்கறான், எல்லாரும் பாக்கறாங்க, கூரையில மாடு எரியுது. லோகு செவப்புக் கொடிய எடுத்து மாங்கு மாங்குன்னு ஆட்டினான். இவரு வாக்கிடாக்கிய எடுத்து ஸ்விட்சத் தட்டினாரு.

"அண்ணாச்சி! என்ன பண்ணுதிய? பூட்ஸ ஏன் கழத்துனிய? ஆள்னு வந்துட்டுல்லா, நல்லாத்தான வந்துட்டு?" மேடம் குரல் ஒடஞ்சு வந்துச்சு. "மேடம்"னாரு. "மாட்டு டேட்டா எடுத்தோம்ல மேடம், நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ. அன்னைக்கு மாடு தனியா நடக்கல. நானும் கூட நடந்தேன். நாப்பது தடவையும். வெறுங்கால்ல." அந்தப் பக்கம் ஒரே கரகரப்பு. மேடத்துக்குப் புரியறதுக்கு எவ்வளவு நேரமாகும்னு இவரு எண்ணினாரு. நாலு. அஞ்சு. ஆறுல புரிஞ்சுருச்சு, மூச்சு சத்தத்துலயே தெரிஞ்சுது. "ஏன் அண்ணாச்சி எழுதல?" கோவமா கேட்ட மாதிரியும் இல்ல, அழற மாதிரியும் இல்ல, வழி கேக்கற மாதிரி இருந்துச்சு. "தெரியல மேடம். என்னைய நான் சேத்துக்கல."

உள்ள இந்தியில என்னவோ பேசிக்கிட்டாங்க. கர்னல் வெளிய வந்தாரு. தொப்பையும் மீசையுமா, நாலு அடி வெச்சா நாட்டு நடப்பே நின்னு பாக்கற மாதிரியான ஆளு. யாரையும் ஒண்ணும் கேக்கல. வாசப்படியில உக்காந்து பாலிஷ் போட்ட ஷூவக் கழட்டினாரு, சாக்ஸக் கழட்டி ஷூவுக்குள்ள திணிச்சாரு, கோட்டுக்கிட்ட வந்து, விரல் நுனியில, சமையல்கட்டுக்குத் திருட்டுத்தனமா போற மாப்பிள்ள மாதிரி, மெதுவா இருபது அடி நடந்தாரு. நடந்துக்கிட்டே கூரையப் பாத்தாரு. மஞ்ச. எல்லாரும் கூரையப் பாத்தாங்க. லோகு வாயத் தொறக்கவே இல்ல, அவன் வாழ்க்கையில அவன் சொல்லாம விட்ட ஜோக்கு அது ஒண்ணுதான் இருக்கும். கர்னல் சட்டப் பையிலேர்ந்த பேனாவ ஒருதரம் தொட்டுப் பாத்தாரு, எடுக்கல. மேடம்கிட்ட என்னவோ சொன்னாரு. மூணு மாசம்னு ஒரு வார்த்த இவரு காதுல விழுந்துச்சு. மூணு மாசம் டைம் குடுக்கறாங்களா, மூணு மாசத்துல மூடப்போறாங்களா, இங்கேர்ந்து கேக்கறப்போ ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. மேடம் தலைய ஆட்டினாங்க. ஆமான்னா இல்லன்னான்னு தெரியல. அப்புறம் கோட்டுமேலயே இவரப் பாத்து நடந்து வந்தாங்க. வேகமா. திட்டத்தான் வராங்க, திட்டட்டும், அஞ்சு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம் திட்டினா கட்டுபடியாகும். கூரையில லைட்டு செவப்பா மஞ்சளா மாறி மாறி மின்னிச்சு, பொம்பள நடைய அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லியே குடுக்கலன்னு இப்பத்தான் இவருக்கு ஒறைச்சுது. அதயும் சொல்லணும். வரிசையா சொல்லிரணும். கால்லேர்ந்து ஆரம்பிக்கறதா மாட்டுலேர்ந்து ஆரம்பிக்கறதா.

மேடம் ரெண்டு அடி தள்ளி நின்னாங்க. திட்டறதுக்குத் தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுச்சு. அவங்க இவரு மொகத்தப் பாக்கல. கீழ பாத்துக்கிட்டிருந்தாங்க. இவருக்குப் பின்னால, பூட்ஸ் ஜோடியா இருந்த முளையிலேர்ந்து இதுவரைக்கும், செம்மண்ணுல ஒரு அடி விட்டு ஒரு அடிக்கு, செம்மண்ணவிடக் கருஞ்செவப்பா ஈரப்பொட்டு வரிசையா இருந்துச்சு.

"அய்யோ, அண்ணாச்சி. முள்ளு. கருவேல முள்ளு, முழுசா ஏறியிருக்கு. ரத்தமா போவுது."

தணிகாசலம் சும்மா இருந்துருக்கலாம். குனிஞ்சு பாத்துருந்தா தெரிஞ்சுருக்கும். ஆனா அதுக்குள்ள கேட்டுட்டாரு.

"எந்தக் கால்ல மேடம்?"